‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. கோவையில் 140 பேர் வேலை பார்க்கும் தனியார் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) இருப்பது தெரிந்து, பத்தாம் வகுப்புத் தேர்வில் மொழிப்பாட விலக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைத்தன. அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு பில்களில் எண்களை இடம் மாற்றிப் பதிந்துவிட்டேன் என்று மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். “கவனக்குறைவு, மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுங்கள், முடித்துவிடலாம்” என்கிறார் ஹெச்.ஆர். எழுதலாமா? தொலைநிலையில் எம்.பி.ஏ. படிக்கிறேன், அந்தத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா?

பதில்: அப்படி எழுதாதீர்கள். ஹெச்.ஆர். நல்லெண்ணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால், மூன்றாவது தவறு நடக்கும் நாளில் ‘தன் கவனக்குறைவைத் தானே ஒப்புக்கொண்டவர்’ என்று உங்கள் கோப்பில் முதலில் எடுத்து நீட்டப்படுவது அந்தக் கடிதமாகத்தான் இருக்கும். அதற்காகக் கெடுவைத் தவறவிடவும் கூடாது. ஏழு நாள் போதாது என்றால், கெடு முடியும் முன்பே அவகாசம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. எந்தத் தேதியில், எந்த பில்லில், எந்த எண் மாறியது என்று எழுதுங்கள். அடுத்து, காரணம் அலட்சியம் அல்ல, பள்ளிக் காலத்திலேயே கண்டறியப்பட்ட கற்றல் குறைபாடு என்று சொல்லி, தேர்வுச் சலுகை ஆணையின் நகலை இணையுங்கள். மூன்றாவதாக, இனி இது நடக்காமலிருக்க என்ன மாற்றம் வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்: “கருணையுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்” என்று முடித்துவிடுவார்கள். கருணைக்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. பில் எண்ணைக் கையால் தட்டாமல் நகலெடுத்து ஒட்டவோ ஸ்கேன் செய்யவோ அனுமதி, எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருள், குறிப்பிட்ட தொகைக்கு மேலுள்ள பதிவுகளை இன்னொருவர் சரிபார்ப்பது, வாய்மொழி உத்தரவுகளைச் சிறு சிறு வரிகளாக மின்னஞ்சலில் தருவது, மாதக் கடைசியில் இரண்டு மணி நேரம் தொந்தரவில்லாத இருக்கை. இப்படி வேலையோடு பொருத்திக் கேட்டால், மறுப்பதற்கு அவர்கள் காரணம் சொல்லியாக வேண்டும்.

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. டிஸ்லெக்சியா அவற்றில் அடக்கம். ‘40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் செல்லும்’ என்ற பேச்சு பாதி உண்மை. இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கே அந்த அளவுகோல். நியாயமான வசதி, அதாவது மேலே சொன்னது போன்ற மாற்றங்கள், கேட்பதற்கு அது நிபந்தனை அல்ல என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேலைவாய்ப்பைப் பற்றிய 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. தனியார் விஷயத்தில் நம் பிடி 3-ஆம், 21-ஆம் பிரிவுகளும் 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகளும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கையை விரிவாக வகுத்து, தொடர்பு அலுவலரை நியமித்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கொள்கையின் நகலை உங்கள் பதிலிலேயே கேளுங்கள். அப்படியொரு கொள்கையே இல்லையென்றால், பேச்சின் தொனி அப்போதே மாறும். வசதிக்கான செலவை ஊழியர் தலையில் கட்டக்கூடாது என்றும் விதி 3 சொல்கிறது.

வேலையில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தைத் தேடி எடுங்கள். ‘குறைபாடு உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படியிருந்தால், பதில் அனுப்பும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பழைய அறிக்கையிலும் ஒரு பொறி உண்டு. அதில் வாசிப்புச் சிக்கல் மட்டும் இருந்தால், ‘எண் மாறியதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்பார்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் புதிதாக மதிப்பீடு செய்து, எண் வரிசையை நினைவில் வைப்பது, பார்த்து எழுதுவது இரண்டையும் தனியே குறிப்பிடச் சொல்லுங்கள். அரசுச் சான்றிதழுக்கு மத்திய அரசின் சுவாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கு அங்கே ஒரு முட்டுக்கட்டை: வழக்கமாகப் பயன்படும், பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் சோதனைத் தொகுப்பு பள்ளிச் சிறுவர்களுக்காக உருவானது. ‘வயது தாண்டிவிட்டது’ என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். எழுத்து இருந்தால்தான் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய முடியும்.

இத்தனைக்குப் பிறகும் வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வழிகள். ஒன்று, சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார். விதிப்படி 60 நாளில் முடிக்க வேண்டும். ஆனால், அவர் தருவது பரிந்துரை. மற்றொன்று, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், பலர் ஹெச்.ஆருடன் சமரசம் பேசிப் பேசியே அதைத் தொலைக்கிறார்கள். உங்கள் நிறுவனம் தொழிற்சாலை என்றாலோ நீங்கள் நிர்வாகப் பொறுப்பில் இருந்தாலோ இந்தப் பிரிவு பொருந்தாது.

எம்.பி.ஏ. தேர்வுக்கு வருவோம். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம். 40 சதவீதத்துக்குக் கீழிருந்தாலும், எழுதுவதில் சிரமம் உண்டென்று மருத்துவச் சான்று இருந்தால், மத்திய அரசின் வழிகாட்டுதல் கைகொடுக்கும். சொல்வதை எழுதுபவரையும் கேட்கலாம். தேர்வுக் கட்டணம் கட்டும்போதே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு விண்ணப்பித்து, அனுமதி ஆணையின் அச்சு நகலை ஒவ்வொரு தாளுக்கும் கையில் எடுத்துச் செல்லுங்கள். கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட நீட் மாணவி ஒருவரின் வழக்கில், தவறு நடந்தது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை.

மெமோவுக்கான பதிலை மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலிலும் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். மின்னஞ்சலின் நகலை உங்கள் சொந்த முகவரிக்கும் அனுப்பிவையுங்கள். நீக்கும் நாளில் முதலில் முடக்கப்படுவது அலுவலகக் கணக்குதான்.