பாசன சபைத் தீர்மானத்தைக் கடைமடை ஏன் ஏற்கவில்லை?

கேள்வி: கீழ்பவானிக் கிளை வாய்க்காலில் எங்கள் பாசன சபைக்கு 60 உறுப்பினர்கள். தண்ணீர் முறைக்கு 42 பேர் கை தூக்கித் தீர்மானம் போட்டோம். வாய்க்காலின் கடைசியில் நிலம் உள்ள கடைமடைக்காரர்கள் 18 பேரும் அதை ஏற்காமல், இரவில் மேல்மடைகளை அடைத்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், சிவகிரி

பதில்: கடைமடையிலிருந்து ஒரு கைகூட உயரவில்லை என்பதைக் கவனியுங்கள். நிலம் இடம் மாறாது. எத்தனை முறை வாக்கெடுத்தாலும் அந்த 18 பேர் தோற்கத்தான் செய்வார்கள். அடுத்து நமக்கும் வரும் என்று தெரிந்தால்தான் தோற்றவர் கட்டுப்படுவார். கீழ்பவானியில் 2,07,000 ஏக்கரைப் பாதியாகப் பிரித்து, ஒற்றைப்படை மதகுகளுக்கும் இரட்டைப்படை மதகுகளுக்கும் நன்செய் முறையை மாற்றி மாற்றித் தருவது நிலைத்திருக்க அதுவும் காரணம். எனவே முறை விதிக்கு மட்டும் தலைமடை, கடைமடை இரண்டிலும் தனித்தனியே பாதிக்கு மேல் சம்மதம் வேண்டும் என்று பைலாவில் சேருங்கள். மற்றதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

முறைக் கணக்கையும் பிரித்துப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். 84 ஏக்கர் என்றால் ஏக்கருக்கு 2 மணி நேரம் என்று போட்டுவிடுவார்கள். காய்ந்த வாய்க்கால் நிரம்பிக் கடைசி மடையைத் தொட 6 மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். முறை கடைமடையில் தொடங்கினால், அங்கே 3 ஏக்கர் வைத்திருப்பவரின் பங்கு முழுவதும் வாய்க்காலுக்கே போய்விடும். நிரம்பும் நேரத்தை இரு தரப்பும் நின்று அளக்கட்டும். அதைக் கழித்து மீதி 162 மணி நேரத்தைப் பங்கிட்டால் ஏக்கருக்கு சுமார் 1 மணி 55 நிமிடம் வரும். வாரச் சுற்றில் இரவு முறை விழுந்தவருக்கு என்றும் இரவுதான். ஆகவே காலை 6 மணிக்குத் தொடங்கிய சுற்றை அடுத்த தடவை மாலை 6 மணிக்குத் தொடங்குங்கள். யார் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.

கூட்டத்தைத் தலைவரின் சாளையில் (தோட்டத்து வீட்டில்) போடாதீர்கள். பொது இடத்தில், பால் சொசைட்டி நேரம் தவிர்த்துப் போடுங்கள். குத்தகைக்கு ஓட்டுபவரையும் கூப்பிடுங்கள், தண்ணீர் பாய்ச்சுவது அவர்தான். எதிர்ப்பை அவரவர் சொன்னபடியே மினிட் நோட்டில் எழுதி, சபை அதை ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தையும் கீழே எழுதுங்கள்.

மடை மாறும்போது விடுபவர், வாங்குபவர் இருவரும் நேர நோட்டில் கையெழுத்திடட்டும். முதல் மீறலுக்கு எச்சரிக்கை, பிறகு சிறு அபராதம், அப்புறம்தான் பெரிது. பொதுவளங்களை ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் வலியுறுத்தியதும் இந்தப் படிப்படியான தண்டனையைத்தான். நிர்வாகியின் மடையில் தவறு நடந்தாலும் அதே தொகைதான். அதைக் கூட்டத்தில் வாசியுங்கள்.

இரவில் அடைத்தவர்களுக்கு இப்போதே அபராதம் போட வேண்டாம். புதுக் கணக்கில் ஒரு சுற்று தண்ணீர் கடைசி வயல் வரை பாயட்டும், அதற்குப் பிறகு நடக்கும் மீறலுக்குப் போடுங்கள்.