மகளின் முதல் கேமராவுக்காக வளையலை அடகு வைக்க வேண்டாம்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், காட்சித் தொடர்பியல் படிப்பு) சேரப்போகிற மகள் 85,000 ரூபாய் கேமரா கேட்கிறாள், அதற்காக வளையலை அடகு வைக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன் அம்மா, வளையல் பீரோவிலேயே இருக்கட்டும். விஸ்காம் முதலாண்டில் சேரப்போகிற பிள்ளைக்கு 85,000 ரூபாய் கேமரா தேவைப்படாது. 30,000 ரூபாயை ஒட்டி, மூன்று வருடமும் தாங்குகிற ஒரு டிஎஸ்எல்ஆரையும் (உள்ளே சின்னக் கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) லென்ஸையும் வாங்கிவிடலாம். கையில் மிஞ்சுவதை எடுத்து வையுங்கள், இரண்டாம் வருடத்தில் அதற்கு வேலை வரும்.

மகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் யூடியூபில் பார்க்கிறவர்கள் எல்லோரும் டிஎஸ்எல்ஆரில் இருக்கிற அந்தக் கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள், அது இல்லாமல் வகுப்புக்குப் போனால் பின்தங்கிவிடுவோம் என்று அந்த வயதில் தோன்றத்தான் செய்யும். ஆனால் அவர்கள் அதை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள், போட்ட காசு அவர்களுக்குத் திரும்பி வருகிறது. உங்கள் மகள் இப்போதுதான் கற்றுக்கொள்ளப் போகிறாள். இந்த வித்தியாசத்தை அவளிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

இன்னொன்று, விஸ்காம் என்பது முழுக்க முழுக்க போட்டோகிராபி படிப்பு அல்ல. பல பெற்றோர்கள் பிள்ளையைச் சேர்த்த பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள். ஓவியம், விளம்பரம், ஸ்கிரிப்ட், எடிட்டிங், ஒலிப்பதிவு, அனிமேஷன் என்று மூன்று வருடத்தில் பலதும் வரும், போட்டோகிராபி அதில் ஒரு பகுதி. கேமரா ஆசையில் வந்து சேர்ந்து, எடிட்டிங்கில் உட்கார்ந்ததும் இதுதான் நம்ம இடம் என்று கண்டுகொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி ஆகிவிட்டால் அவளுக்கு வேண்டியது நல்ல லேப்டாப், கையிலிருந்ததையெல்லாம் கேமராவில் போட்டுவிட்டு அப்போது திரும்ப நகையைத் தேட வேண்டாம். அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் கல்லூரித் துறைக்கு ஒரு போன் போடுங்கள். போட்டோகிராபி எந்த செமஸ்டரில் வருகிறது, துறையிலேயே மாணவர்களுக்குக் கேமரா தருகிறார்களா, தருவது கேனானா நிக்கானா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் துறையில் இருக்கிற கம்பெனி கேமராவையே மகளும் வைத்திருந்தால் அங்குள்ள லென்ஸ்களையும், கூடப் படிக்கிறவர்களின் லென்ஸ்களையும் மாற்றிப் போட்டுப் பழகலாம்.

டிஎஸ்எல்ஆர் பழசாகிவிட்டதே, அதில் ஏன் பணம் போட வேண்டும் என்று அவள் அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை, தொழிலில் இருப்பவர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் மாறுவதால்தான் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் விலை இறங்கிக் கிடைக்கின்றன, மாணவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் இருந்ததில்லை என்பேன். அப்பர்ச்சர் (லென்ஸ் திறக்கிற அளவு), ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே வருகிற நேரம்), ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்), இந்த மூன்றையும் வெளிச்சத்துக்கு ஏற்றபடி மாற்றிப் பழகுவதுதான் போட்டோகிராபியின் அடிப்படைப் பாடம், பத்து வருடப் பழைய கேமராவிலும் அது ஒன்றுதான். பேட்டரியும் நின்று உழைக்கும். நிக்கான் டி3500-இல் ஒரு சார்ஜுக்கு 1,550 படம் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு, ஆரம்ப விலை மிரர்லெஸ் பெரும்பாலும் அதில் பாதிக்குக்கூட வராது. நாளைக்கு அவள் கேனான் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் இன்று வாங்குகிற லென்ஸை ஒரு அடாப்டர் போட்டு அதில் மாட்டிக்கொள்ளலாம்.

சரி, எந்த மாடல்? போட்டோ மட்டும் போதும் என்றால் கேனான் 1500டி அல்லது நிக்கான் டி3500, இரண்டும் 2018-இல் வந்தவை, இரண்டிலும் 24 மெகாபிக்சல், படத்தின் தரத்தில் குறையில்லை. ஆனால் விஸ்காமில் குறும்படம் கட்டாயம் வரும், இந்த இரண்டிலும் வெளி மைக் சொருக இடம் கிடையாது. அதனால் என் முதல் தேர்வு செகண்ட் ஹேண்ட் கேனான் 70டி அல்லது நிக்கான் டி5600. இரண்டிலும் மைக் சொருகலாம், திரையை வெளியே திருப்பிப் பார்க்கலாம். 70டி-யில் வீடியோ எடுக்கும்போது ஃபோகஸ் தானாக நிதானமாகப் பின்தொடரும், குறும்படத்துக்கு அது பெரிய உதவி. கேனான் 200டி மார்க் 2 நல்ல கேமராதான், ஆனால் ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தில் நடுவில் இருக்க வேண்டிய பெரிய முனை அதில் இல்லை, மலிவான சாதாரண ஃபிளாஷ்கள் பல அதில் வேலை செய்யாது. லைட்டிங் கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு அது தடை. கடைக்காரர் விலை குறைவு என்று 3000டி-யை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லென்ஸ் மாட்டுகிற வளையமே அதில் பிளாஸ்டிக், அதோடு கண்ணாடி போடுகிறவர்கள் தங்கள் பவருக்கு ஏற்ப வியூஃபைண்டரை, அதாவது கண் வைத்துப் பார்க்கிற துளையை, திருத்திக்கொள்கிற சின்னச் சக்கரமும் இல்லை. உங்கள் மகள் கண்ணாடி போடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள், அவளுக்கு அது அவசியம்.

பாடியைவிட, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவைவிட, லென்ஸில்தான் விஷயம் இருக்கிறது. கேமராவோடு கூடவே வருகிற 18-55 ‘கிட்’ லென்ஸ் தெருவுக்கும் வெயிலுக்கும் போதும், மண்டபத்துக்குள்ளோ சாயங்கால வீட்டுக்குள்ளோ திணறும். அப்புறம் 50 எம்எம் எஃப் 1.8 என்று ஒரு சின்ன லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய அப்பர்ச்சர் பெரிதாகத் திறக்கும்), கேனானில் புதிதாகவே 10,000 ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும். கிட் லென்ஸை முழுக்க நீட்டி வைத்தால் எஃப் 5.6, அதோடு ஒப்பிட்டால் இதில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் பாட்டி பூ கட்டுவதை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க முடியும், முகம் தெளிவாக, பின்னால் இருக்கிற சுவரும் சாமானும் கலங்கி. முதன்முதலாக அப்படி ஒரு படம் எடுக்கிற அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் பிடிப்பு வருகிறது. இந்த வகைக் கேமராக்களில் அது 75-80 எம்எம் லென்ஸ் மாதிரி நெருக்கிக் காட்டும் என்பதால் சின்ன அறையில் கொஞ்சம் நெருக்கும், பின்னால் நகர்ந்து எடுக்கப் பழகட்டும். நிக்கான் என்றால் டி3500, டி5600 பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ‘டி’ வகை 50 எம்எம் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், ‘ஏஎஃப்-எஸ்’ என்று லென்ஸிலேயே எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றதும் நீங்கள் பயப்படுவது தெரிகிறது. ஆன்லைனில் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், நேரில் போய், ஒரு மெமரி கார்டும் சின்ன டார்ச்சும் கொண்டுபோய்ப் பாருங்கள். பழைய பைக்குக்குக் கிலோமீட்டர் பார்க்கிற மாதிரி இதற்கு ஷட்டர் கவுண்ட் பார்க்க வேண்டும், இதுவரை எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்ற கணக்கு. நிக்கானில் எடுத்த படத்தின் ஃபைலுக்குள்ளேயே அது பதிவாகியிருக்கும், கேனானுக்குத் தனி சாஃப்ட்வேர் வேண்டும், விற்பவரையே காட்டச் சொல்லுங்கள். டி3500 மாதிரிக் கேமராக்களின் ஷட்டர் ஒரு லட்சம் வரை சோதிக்கப்பட்டது, 30,000-க்குள் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம், கல்யாண வேலையில் ஓடிய கேமரா என்றால் அதைவிட எங்கேயோ போயிருக்கும். அப்பர்ச்சரை எஃப் 22-இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான புள்ளிகள் தெரிந்தால் படம் பதிகிற சென்சாரில் தூசி, சுத்தம் செய்துகொள்ளலாம். கோடு தெரிந்தால் வேண்டாம். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, என்ன விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, கழற்றி மாட்டும்போது இறுக்குகிறதா என்று பாருங்கள். அசல் பில்லில் இருக்கிற சீரியல் எண்ணும் பாடியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் தொலைந்துவிட்டது என்றால், நல்லவர்போலத் தெரிந்தாலும், அந்தக் கேமரா வேண்டாம்.

சென்னை ஹாஸ்டலில் ஈரப்பதம் அதிகம், பையிலேயே மாதக்கணக்கில் மூடி வைத்தால் நல்ல லென்ஸிலும் பூஞ்சை வரும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், பெட்டிக்கு ஒரு பூட்டு, இவ்வளவு போதும்.

இனி உங்கள் உண்மையான கவலை, இதில் பிழைக்க முடியுமா என்பது. முடியும், ஆனால் அந்த வேலை பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது, ஒரே கம்பெனியில் மாதச் சம்பளம் என்று மட்டும் யோசிக்காதீர்கள். கல்யாணம் ஒரு வழி. திருப்பூர் ஆடைகள், நகைக்கடைகள், ஆன்லைனில் விற்கிற சின்னச் சின்ன வியாபாரிகள், ஹோட்டல்கள் எல்லோருக்கும் பொருளைப் படம் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அவ்வளவாக வெளியே தெரியாத வேலை அது, ஆனால் முகூர்த்த மாதத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. மேலே படிக்க ஆசைப்பட்டால் புனே திரைப்படக் கல்லூரி, கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனம், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் இருக்கிற போட்டோகிராபி முதுகலை, எல்லாமே ஒரு டிகிரிக்குப் பிறகு நுழைவுத் தேர்வு எழுதிப் போகிறவை. அங்கெல்லாம் எந்தக் கேமரா வைத்திருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். பெரிய வேலை ஏதாவது வந்து விலையுயர்ந்த பாடி தேவைப்பட்டால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள், தொழிலில் இருக்கிற பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பெண் பிள்ளை ராத்திரி நேரத்தில் மண்டபத்துக்கு எப்படிப் போவாள் என்று அவள் அப்பா கேட்டிருக்கிறார். தனியாகப் போக வேண்டாம், முதல் வருடங்களில் பெண்களும் இருக்கிற ஒரு குழுவோடு, போக வர வண்டி ஏற்பாடு உண்டா என்று கேட்டுக்கொண்டு போகட்டும். மணப்பெண் அலங்கார அறைக்குப் பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று கேட்கிற குடும்பங்கள் இப்போது நிறைய, அவளுக்கு அது நல்ல வாய்ப்பு.

கல்லூரி திறக்க இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கிறது. அதுவரை அருப்புக்கோட்டையிலேயே ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் உதவிக்குப் போகச் சொல்லுங்கள். லைட் ஸ்டாண்ட் பிடிக்கட்டும், ஆல்பம் அடுக்கட்டும், அவர்கள் கேமராவைத் தொட்டுப் பார்க்கட்டும். துறையில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், கேனானா நிக்கானா என்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.