ஜாஸ் கார்ட் பழக எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: கம்ப்யூட்டரிலேயே எலெக்ட்ரானிக் இசை செய்கிறேன். என் டிராக்குகளில் மூன்று நோட் மேஜர், மைனர் கார்ட்கள்தான் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) வருகின்றன. ஹவுஸ் என்ற நடன இசையின் நல்ல டிராக்குகளில் கேட்கிற ஜாஸ் சாயல் வரவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்ட் வரிசைகள் கொண்ட மிடி பேக் (எந்த நோட் எப்போது என்று மட்டும் சொல்லும் கோப்புகளின் தொகுப்பு) ஒன்று தள்ளுபடியில் இருக்கிறது. ஒரு கட்டையை அழுத்தினால் முழு கார்டையும் வாசித்துக் கொடுக்கும் பிளக்-இன் ஒன்றும் கண்ணில் பட்டது. எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

முதலில் பிளக்-இன். நீங்கள் எந்த மென்பொருளில் வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. எஃப்எல் ஸ்டுடியோ என்றால் பியானோ ரோலிலேயே (நோட்டுகளை வரையும் திரை) ‘ஸ்டாம்ப்’ என்ற கருவி இருக்கிறது. கார்ட் வகையைத் தேர்ந்தெடுத்து ஒரு கிளிக் செய்தால் நோட்டுகள் விழுந்துவிடும். ஏபில்டன் லைவில் ‘கார்ட்’ என்ற மிடி எஃபெக்ட் உண்டு. லாஜிக் புரோவில் ‘கார்ட் டிரிகர்’ உண்டு. விற்பனைப் பிளக்-இன்களில் இவற்றைவிட வசதிகள் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கையில் இருப்பதைத் தொட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அப்புறமும் ஆசை இருந்தால் டெமோ பதிப்பு தருகிற பிளக்-இன்னை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

அடுத்து மிடி பேக். இதில் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். நூறு வரிசைகளை 12 சுருதிகளிலும் எழுதி வைத்தால் 1,200 கோப்புகள் ஆகிவிடும். சுருதி மாற்றுவது உங்கள் மென்பொருளில் ஒரு நொடி வேலை. அதற்குப் போய்ப் பணம் எதற்கு? வாங்கியே ஆக வேண்டும் என்றால், மொத்தம் எத்தனை வரிசைகள், எத்தனை சுருதிகள் என்று விவரப் பக்கத்தில் பிரித்துச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். டவுன்லோட் செய்த பிறகு பெரும்பாலான இடங்களில் பணம் திரும்பாது, அதையும் நினைவில் வையுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பேக்கிலிருந்து எடுத்த நான்கு கார்டில் மூன்றாவது உங்கள் மெலடியோடு மோதினால் என்ன செய்வீர்கள்? ஏன் மோதுகிறது என்று தெரியாமல் அடுத்த கோப்பைத் திறப்பீர்கள். மாலை முழுவதும் கோப்பு திறப்பதிலேயே போய்விடும், டிராக் நகராது.

செலவில்லாமல் இதைச் செய்து பாருங்கள். ஜாஸில் திரும்பத் திரும்ப வருகிற 2-5-1 வரிசையை, அதாவது ஸ்கேலின் 2, 5, 1-ஆம் நோட்டுகளில் எழும் கார்ட்களை, எடுத்துக்கொள்வோம். சி மேஜரில் அது டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. பியானோ ரோலில் முதலில் பாடப் புத்தகத்தில் இருக்கிறபடியே போடுங்கள்: டி-எஃப்-ஏ-சி, ஜி-பி-டி-எஃப், சி-ஈ-ஜி-பி. கேட்டால் குதித்துக் குதித்துப் போகும். சரி, இப்போது கார்டுக்குப் பெயர் தருகிற மூல நோட்டுகளான டி, ஜி, சி மூன்றையும் பேஸ் டிராக்குக்கு அனுப்பிவிடுங்கள். மேலே நடு சி-யை ஒட்டி இப்படிப் போடுங்கள்: எஃப்-ஏ-சி-ஈ, பிறகு எஃப்-ஏ-பி-ஈ, பிறகு ஈ-ஜி-பி-டி.

முதல் கார்டிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது அசைவது ஒரே ஒரு நோட், சி அரைப்படி இறங்கி பி ஆகிறது. மூன்றாவதில் பி அப்படியே நிற்க, மற்ற மூன்றும் அரைப்படியோ முழுப்படியோ இறங்குகின்றன. பேஸோடு சேர்த்துக் கேட்டால் இவை டி மைனர் 9, ஜி 13, சி மேஜர் 9 (மூல நோட்டை 1 என்று வைத்து ஸ்கேலில் எண்ணினால் 9-ஆவதாகவோ 13-ஆவதாகவோ வரும் நோட் சேர்ந்தவை). நீங்கள் தேடும் நிறம் பெரும்பாலும் இதுதான். புதிய கார்ட் பெயர்கள் நிறையத் தெரிவதைவிட, நோட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் நகர்த்தத் தெரிவதுதான் முக்கியம். 1950-களின் கடைசியில் பில் எவன்ஸ் போன்ற பியானோ கலைஞர்கள் இடது கையில் மூல நோட்டை விட்டுவிட்டு வாசித்தார்கள். அதை பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். உங்கள் டிராக்கில் பேஸ் சிந்த் அதே வேலையைச் செய்கிறது. அதனால் இந்த முறை எலெக்ட்ரானிக் இசைக்கு அப்படியே பொருந்தும்.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 1981-இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் சிந்தில் ‘கார்ட் மெமரி’ என்ற வசதி இருந்தது. ஒரு கார்டை நினைவில் நிறுத்திவிட்டு, ஒற்றைக் கட்டையால் அதே வடிவத்தை மேலும் கீழும் நகர்த்தலாம். ஒரு கார்டை சாம்பிள் செய்து வெவ்வேறு கட்டைகளில் வாசித்தாலும் அதே விளைவுதான். ஹவுஸிலும் டெக்னோவிலும் அடிக்கடி கேட்கும் அந்த வெட்டுவெட்டான மைனர் 7, மைனர் 9 ஒலி பல நேரம் இப்படி வருவது. உங்கள் மனதில் இருப்பது அந்த ஒலிதான் என்றால், ஒரே ஒரு மைனர் 9 கார்டும் உங்கள் மென்பொருளின் சாம்பிளரும் போதும். அதனால் எதையும் வாங்கும் முன், எந்த ஒலியை விரும்புகிறீர்கள் என்று இரண்டு மூன்று டிராக்குகளைக் கவனித்துக் கேளுங்கள்.

கேள்வி: கார்ட் பழக 25 கட்டை மிடி கீபோர்டு போதுமா, பெரியது வேண்டுமா?

பதில்: காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், தயங்க வேண்டாம். 25 கட்டை என்றால் இரண்டு ஆக்டேவ் (ஒரு சி முதல் அடுத்த சி வரை ஓர் ஆக்டேவ்). மேலே சொன்ன நான்கு நோட் கார்ட்கள் ஒரு கைக்குள் அடங்கும், ஆனால் இடது கையில் பேஸும் சேர்த்து வாசிக்கப் போனால் இடம் பற்றாது. மேஜையில் இடம் இருந்தால் 49 கட்டை வாங்குங்கள். எடை வைத்த 88 கட்டை, பியானோவையே முறையாகக் கற்க நினைப்பவர்களுக்குத்தான் அவசியம்.

கட்டை எண்ணிக்கையோடு இன்னும் மூன்றைப் பாருங்கள். கட்டைகள் முழு அகலமா, மினியா? விரல் பழகுவதற்கு முழு அகலம் நல்லது. எவ்வளவு பலமாக அடிக்கிறீர்கள் என்பதை (வெலாசிட்டி) உணரும் கட்டைகளா? ஜாஸ் கார்டில் எல்லா நோட்டும் ஒரே பலத்தில் ஒலித்தால் தட்டையாக இருக்கும். உச்சி நோட் கொஞ்சம் எழுந்து, நடுவில் இருப்பவை அடங்க வேண்டும். சஸ்டெயின் பெடல் (விரலை எடுத்தாலும் ஒலியை நீட்டும் மிதி) செருக இடம் இருக்கிறதா? சில சிறிய மாடல்களில் இருக்காது, பிறகு சேர்க்கவும் முடியாது.

கேள்வி: ஆன்லைன் பாடம் வாங்கலாமா? மாதச் சந்தாவா, ஒரே தடவைக் கட்டணமா?

பதில்: பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். முதல் பாதி முழுவதும் ஸ்கேல், மோட், தனி வாசிப்பு என்று போனால் அது மேடையில் வாசிப்பவர்களுக்கானது. நல்ல பாடமாகவே இருக்கலாம், உங்களுக்கு இப்போது வேண்டியது அதில்லை. டி மைனர் 7 போன்ற ‘7’ கார்ட்கள், அவற்றின் தலைகீழ் வடிவங்கள் (அதே நோட்டுகளில் வேறொன்று அடியில் வருபவை), 2-5-1, மூல நோட் இல்லாத வடிவங்கள், இவை எல்லாம் 12 சுருதிகளிலும் பயிற்சியோடு இருக்கிறதா என்று தேடுங்கள். மெதுவாகப் பழகுபவர் என்றால் ஒரே தடவைக் கட்டணம்தான் நல்லது. சந்தா என்றால் தானாகப் புதுப்பிக்கிறதா, ரத்து செய்யும் வழி எங்கே என்பதைச் சேரும் முன்பே கண்டுபிடித்து வையுங்கள். ஆசிரியரிடம் நேரடியாகக் கற்க வாய்ப்பிருந்தால், உங்கள் டிராக்கையே திறந்து வைத்துப் பேச அவர் தயாரா என்று முதலில் கேளுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நடு சி-க்கு மிடியில் எண் 60. அதே கட்டையை ஏபில்டன் லைவ் சி3 என்றும், எஃப்எல் ஸ்டுடியோ சி5 என்றும் காட்டும். பாடத்தில் சொன்ன ஆக்டேவ் உங்கள் திரையில் பொருந்தாவிட்டால் பாடத்தைக் குறை சொல்ல வேண்டாம், எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: 9, 13 கார்ட் போட்டால் என் சிந்தில் கூழாகக் கேட்கிறது. வேறு சிந்த் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஒலியில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) இருக்கலாம். அதன் வழியாக நான்கைந்து நோட்டுகள் ஒன்றாகப் போகும்போது அவற்றின் கூட்டலிலும் கழித்தலிலும் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. கார்ட் சிக்கலாக ஆக ஆக அவை குப்பையாகச் சேரும். டிஸ்டார்ஷனையும், ஒரே நோட்டைப் பல குரலாக்கிச் சுருதியைச் சற்றே விலக்கும் யூனிசனையும் டிட்யூனையும் அணைத்துவிட்டு, எளிய எலெக்ட்ரிக் பியானோ ஒலியில் அதே கார்டைக் கேளுங்கள். தெளிவாக இருந்தால் கார்டில் தவறில்லை. அதை ஓர் ஆக்டேவ் ஏற்றிப் பாருங்கள், அல்லது மூல நோட்டிலிருந்து ஸ்கேலில் எண்ணினால் ஐந்தாவதாக வரும் நோட்டை எடுத்துவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அதே கணக்கில் மூன்றாவதையும் ஏழாவதையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் மூல நோட்டைப் பிடித்திருக்கும் வரை, கனமான ஒலிக்கு அந்த இரண்டே போதும்.