பாடம் தொடங்காத முதல் இரண்டு வாரங்களில் உங்கள் மகள் கல்லூரியில் இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த உங்கள் மகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பது மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. முதல் இரண்டு வாரமும் அறிமுகப் பயிற்சி என்ற பெயரில் யோகா, விளையாட்டு, சொற்பொழிவு என்றுதான் கால அட்டவணையில் இருக்கிறது. பாடம் தொடங்கும் நாளில் விடுதியில் சேர்த்தால் போதாதா, அதுவரை வீட்டுக்கு அருகில் ஆங்கிலப் பேச்சு வகுப்புக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முதல் நாளே அனுப்பிவையுங்கள்.

இந்த அறிமுகப் பயிற்சி ஏதோ ஒரு கல்லூரி தன் விருப்பத்துக்கு நடத்துவது அன்று. காந்திநகர் ஐஐடி 2011 முதல் புதிய மாணவர்களுக்கு ஐந்து வார அடிப்படைப் பயிற்சி நடத்திவருகிறது. அதுபோன்ற முயற்சிகளைப் பார்த்தே அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நாடு முழுவதும் முதலாண்டு மாணவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் இது இரண்டு வாரப் பயிற்சியாக முதல் பருவத்தின் (செமஸ்டரின்) பாடப் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளது. அது முடிந்த பிறகே வழக்கமான வகுப்புகள் தொடங்கும். மதிப்பெண் கிடையாது என்பதால் அது முக்கியமில்லை என்று பெற்றோர் பலர் எண்ணிவிடுகிறார்கள். பிளஸ் டூ தேர்வு, கலந்தாய்வு, துறையைத் தேர்ந்தெடுப்பது என்று ஓராண்டுக்கும் மேலாக ஓடிக் களைத்து வரும் பிள்ளை, தேர்வு பற்றிய அச்சமின்றி ஒரு புதிய இடத்தைப் பழகிக்கொள்ள நான்காண்டுப் படிப்பில் கிடைக்கும் காலம் இது ஒன்றுதான்.

அந்த இரண்டு வாரத்தில் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிப்பது மென்டர் குழுவை. ஏறத்தாழ இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்து, அந்த ஆசிரியரே படிப்பு முடியும்வரை அவர்களுக்கு வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். முதல் சந்திப்பில் பெயர், ஊர், படித்த பள்ளி, இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்த காரணம் ஆகியவற்றைச் சொல்லச் சொல்வார்கள். தமிழ்வழியில் படித்த மாணவி பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, காரணம் என்ற இடத்தில் வாக்கியம் கிடைக்காமல் நின்றுவிடுவதுண்டு. நல்ல ஆசிரியர் உடனே, "தமிழிலேயே சொல்லும்மா" என்பார். அவள் பேசி முடிக்கும்போது, அதே தயக்கத்தோடு தன் முறைக்காகக் காத்திருந்த இன்னும் நான்கைந்து பேருக்கு மூச்சு வரும். பிறகு விடுதி உணவுக்கூடத்தில் அவர்கள் ஒரே மேசையில் உட்காருவதையும், பருவத் தேர்வுக்குச் சேர்ந்து படிப்பதையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். இரண்டு வாரம் தாமதமாக வரும் மாணவிக்கு அந்த மேசையில் இடம் மறுக்க யாரும் இல்லை. ஆனாலும் தானாகப் போய் உட்காரும் துணிவு அவளுக்கு வர மாதங்கள் ஆகின்றன.

ஆங்கிலம் குறித்த உங்கள் கவலை நியாயமானது. ஆங்கிலத்திலும் கணினிப் பழக்கத்திலும் பின்தங்கியவர்களைக் கண்டறிந்து கூடுதல் பயிற்சி தருவதும் இந்த அறிமுகத் திட்டத்தின் ஒரு கூறு என்பதால், அதற்காகவும் அவள் அங்கே இருக்கத்தான் வேண்டும். கூடவே ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். முதல் பருவக் கணிதத்தில் வரும் மேட்ரிக்ஸ் அவள் பள்ளியில் படித்த அணிகள்தான். டெரிவேட்டிவ் என்பது வகைக்கெழு. இயற்பியலில் வரும் ரெசிஸ்டன்ஸ் மின்தடை. பள்ளிப் பாடநூலின் கலைச்சொற்களை ஒரு பக்கமும் ஆங்கிலச் சொற்களை எதிர்ப்பக்கமும் எழுதி, நாளொன்றுக்கு ஒரு பாடம் என்று இந்த நாட்களிலேயே முடித்துவிட்டால், விரிவுரையின் வேகம் அவளை மிரட்டாது.

சில கல்லூரிகளில் இந்தப் பயிற்சி, கலையரங்கில் காலை முதல் மாலைவரை உரை கேட்பதாகச் சுருங்கிவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை, அது வருந்தத்தக்கது. உங்கள் மகளின் கல்லூரியிலும் அப்படி இருந்தால், மாலை நேரத்தில் நூலகத்தில் உறுப்பினராகச் சேரவும், தன் துறையின் ஆய்வகங்களை ஒரு முறை பார்க்கவும், இரண்டாம் ஆண்டு மாணவிகளிடம் எந்தப் பாடத்தில் அரியர் (தேர்ச்சி பெறாமல் மீண்டும் எழுத வேண்டிய நிலை) அதிகம் விழுகிறது என்று கேட்கவும் சொல்லுங்கள். தேர்வு விதிமுறைகளை விளக்கும் அமர்வை மட்டும் எக்காரணத்துக்காகவும் தவறவிடக் கூடாது. அண்ணா பல்கலைக்கழக முறையில் எழுத்துப் பாடங்களுக்குக் கல்லூரியிலேயே இடும் அகமதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண் என்பதும், வருகைப் பதிவு 75 விழுக்காடு வேண்டும் என்பதும் தெரியாமல் முதல் பருவத்தை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உதவித்தொகைப் பணிகளும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் தொடங்கும். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கல்லூரியில் ஒப்படைப்பதற்கு முன் நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராகிங் பற்றிய அச்சத்தை நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், கடிதத்தில் அது தெரிகிறது. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலிருந்தே ராகிங்கைத் தடைசெய்யும் தனிச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி மாணவியும் பெற்றோரும் உறுதிமொழி அளிக்க வேண்டும். படிக்காமல் கையொப்பம் இடாதீர்கள். 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் எந்நேரமும் இயங்குகிறது. அதை அவள் கைபேசியிலும் உங்கள் கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

தொடக்க நாளில் பெற்றோரையும் அழைப்பார்கள். மேடை நிகழ்ச்சி முடிந்ததும் புறப்பட்டுவிடாமல், வார்டனையும் மென்டர் ஆசிரியரையும் நேரில் பார்த்து அவர்களுடைய எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் உடல்நலம் குன்றினால் யார் அழைத்துச் செல்வார், பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பவற்றைத் தயங்காமல் கேளுங்கள். அதன் பிறகு இரண்டு வாரமும் தினமும் மாலையில் ஒரு முறை பேசுங்கள். சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்திவிடாமல், இன்று புதிதாக யாரோடு பேசினாய் என்றும் கேளுங்கள். நான்கைந்து நாள் தொடர்ந்து யாருமில்லை என்றே பதில் வந்தால், வீட்டுக்கு அழைத்து வந்துவிடாமல், மென்டரை அழைத்துச் சொல்லுங்கள்.

குடும்பத்தில் தவிர்க்க முடியாத காரணம் ஏதேனும் இருந்து சில நாள் தாமதமாகத்தான் அனுப்ப முடியும் என்றால், முன்கூட்டியே முதல்வருக்குக் கடிதம் எழுதி, அவள் எந்த மென்டர் குழுவில் இருக்கிறாள் என்பதைக் கேட்டு அறிந்து, அந்த ஆசிரியரோடு தொலைபேசியில் ஒரு முறை அவளையே பேசச் செய்யுங்கள்.