நடுப்பக்கம் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். இதுவரை பெரிய பதிப்பகங்களின் நூல்களையே வாசித்தவன். சொந்தமாகப் புத்தகம் போடுபவர்களையும் வாசிக்க ஆசை. துப்பறியும் கதை, அறிவியல் புனைவு, கவிதை, உள்ளூர் வரலாறு எல்லாம் பிடிக்கும். கிண்டிலில் ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்கியவை ஏமாற்றிவிட்டன. பதிப்பகம் கிடைக்காதவர்கள்தான் சொந்தமாகப் போடுகிறார்களோ? நம்பி வாங்க ஒரு பத்துப் பெயர் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

இந்த வயதில் பழகிய அலமாரியை விட்டு வெளியே வர நினைக்கிறீர்களே, அதுவே பெரிய சந்தோஷம். ஆனால் பத்துப் பெயர் தர மாட்டேன். பட்டியல் கேட்பது நம் வாசகர்களிடம் ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம். பத்தையும் முடித்துவிட்டுப் பதினொன்றாவதற்கு மறுபடி கடிதம் போடுவீர்கள்.

பதிப்பகம் கிடைக்காதவர்களா என்ற கேள்வியை விடுங்கள். தன் நூல்களைத் தானே அச்சிட 1920இல் நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதியவர் பாரதி. நட்சத்திரத்தையும் விடுங்கள். முதலில் வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் சொந்தபந்தம் எழுதியவை. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

நீங்கள் ஏமாந்தது வேறு இடத்தில். கிண்டிலில் சாம்பிள் என்று கிடைப்பது புத்தகத்தின் தொடக்கம். எவரும் முதல் அத்தியாயத்தைத்தான் திரும்பத் திரும்பத் திருத்துவார்கள். நல்ல எடிட்டர் இருந்தால் நடுவில் தொய்வதைப் பிடித்து நிறுத்துவார். சொந்தமாகப் போடும் புத்தகத்துக்குப் பெரும்பாலும் எடிட்டர் கிடையாது. ஆகவே நடுவைத் திறங்கள். சாம்பிளில் அது முடியாது. கிண்டில் அன்லிமிடெட் சந்தா இருந்தால் முழுப் புத்தகத்தையும் இரவல் எடுக்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம். அதில் வாசிக்கப்பட்ட பக்கங்களை எண்ணித்தான் எழுதியவருக்குப் பணம் போகும். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் முழு நூலும் இலவசம்.

நாவலில் பாதியைத் தாண்டி, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் பக்கம் ஒன்றை எடுங்கள். பெயர்களை விரலால் மறையுங்கள். யார் பேசுவது என்று தெரிகிறதா? தெரிந்தால் முதல் பக்கத்துக்குப் போங்கள், தைரியமாக. துப்பறியும் கதையில் அந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் இதுவரை நடந்ததை ஏட்டிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தால் வைத்துவிடுங்கள், முடிச்சு ஆசிரியர் கையை விட்டுப் போய்விட்டது. அறிவியல் புனைவில் எந்திரத்தின் விளக்கமே பக்கம் பக்கமாக ஓடினாலும் அப்படித்தான். கவிதையை வரி பிரிக்காமல் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் வேறு தொகுப்பு தேடுங்கள்.

உள்ளூர் வரலாற்றில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது, கடலூர்க்காரர். புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடம் வாங்கியதும், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை எல்லை பிடித்ததும், அதனால் குண்டு கிராமங்கள் என்ற பேர் வந்ததும் உங்கள் ஊரைப் பற்றிய நூல்களில் தவறாமல் வரும். நேரே அந்தப் பக்கத்துக்குப் போங்கள். எங்கிருந்து எடுத்தார்? கோட்டையின் ஆவணம், மாவட்ட கெசட்டியர் எனும் அரசு விவரத் தொகுப்பு என்று ஏதாவது காட்டியிருந்தால் மேலே படிக்கலாம். வெறும் ‘கூறப்படுகிறது’தான் என்றால் மற்ற பக்கங்களையும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

எழுத்து உடைந்து, கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு நின்றால் மட்டும் கோபப்படாதீர்கள். பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும்போது வரும் கோளாறு அது. பக்கத்துக்குப் பத்து ஒற்றுப்பிழை என்றால் கோபப்படலாம், தான் எழுதியதை அவர் மறுபடி படிக்கவே இல்லை.

அச்சுப் புத்தகத்துக்கு நெய்வேலி புத்தகக் கண்காட்சி உங்களுக்குப் பக்கம். தனி ஆளாகக் கடை எடுப்பது கட்டுப்படியாகாது என்பதால், தெரிந்த பதிப்பகத்தின் கடையில் ஓரமாக நாலைந்து பிரதி வைத்திருப்பார்கள். கண்ணில் படாது, கேட்டு வாங்கிப் பாருங்கள். நடுவில் விரிக்கும்போதே முதுகில் பசை விடுகிறதா, தாள் கழல்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நூறு இருநூறு பிரதிதான் அடித்திருப்பார்கள். பிடித்தால் அன்றைக்கே வாங்குங்கள், அடுத்த வருஷம் இருக்காது. உள்பக்கத்தில் பெரும்பாலும் போன் நம்பர் இருக்கும். எந்தப் பக்கத்தில் மனசு ஒட்டியது, எந்தப் பக்கத்தில் விட்டுப்போனது என்று பக்க எண்ணோடு எழுதி அனுப்புங்கள். எனக்கு அல்ல, அவருக்கு.