டார்கெட் அடித்தவர்களைக் கூட்டிப்போகும் வேலை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நான் பார்க்கிற வேலையைப் பற்றி ஒரு வரி எழுதப்போய், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அந்த வரியைத் தவறவிட்டவர்களுக்கு: விற்பனை இலக்கைத் தாண்டிய முகவர்களையும் கடைக்காரர்களையும் கம்பனிகள் தங்கள் செலவில் சுற்றுலா கூட்டிப்போகும் அல்லவா, அந்த ஊக்கப் பயணங்களை ஒழுங்குசெய்கிற ஒரு சின்னக் கந்தோரில், வவுனியாவில், வேலை பார்க்கிறேன். சீமெந்து, பெயின்ட், உரம், காப்புறுதி, லீசிங், இப்படிப்பட்ட கம்பனிகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள்.

கேள்வி: அக்கா, ஏசிக்குள் இருந்துகொண்டு மாலைதீவுப் படம் பார்க்கிற வேலைதானே உங்களுக்கு? உண்மையில் ஒரு நாள் எப்படிப் போகும்? (வாசகி, கிளிநொச்சி)

படம் பார்ப்பது உண்டு தங்கச்சி, ஆனால் அது பாஸ்போட் படம். காலை எட்டு மணிக்கு நான் கதிரையில் வந்து இருக்கும்போது பாங்கொக்கில் ஒன்பதரை, சிங்கப்பூரில் பத்தரை. அங்குள்ளவர்கள் ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்டு என் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். அதனால் தேத்தண்ணிக்கு முன்பே கிழக்குப் பக்கத்து மெயில்களுக்குப் பதில் போட்டாக வேண்டும். டுபாய் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால் என்பதால் அவர்களை முற்பகலில் மெதுவாகப் பிடிக்கலாம்.

பிறகு பெயர்ப்பட்டியல். விமானக் கம்பனிகள் பெரும்பாலும் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் குழு விலை தரும். முதலில் ஆசனங்களை மட்டும் பிடித்து முற்பணம் கட்டிவிட்டு, அவர்கள் சொன்ன திகதிக்குள் பெயர்களைக் கொடுக்க வேண்டும், அதற்குள் கொடுக்காவிட்டால் ஆசனமும் போகும் முற்பணமும் போகும். எங்கள் ஆக்களோ பாஸ்போட்டைக் கடைக் கவுண்டரில் வைத்து, மேலே ரியூப்லைட் வெளிச்சம் விழ ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். வெளிச்சம் சரியாக இலக்கத்துக்கு மேலேதான் விழுந்திருக்கும். நான் பார்ப்பது முகத்தை அல்ல, பக்கத்தின் அடியில் உள்ள அந்த இரண்டு வரியை. விமான நிலைய இயந்திரம் வாசிப்பது அதைத்தான், ரிக்கெட்டில் பெயர் வரவேண்டியதும் அதன்படிதான். அடையாள அட்டையில் புருஷன் பெயர், பாஸ்போட்டில் இன்னும் தகப்பன் பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு ‘எச்’ கூட இருக்கிறது என்று ஒரே ஆளுக்கு மூன்று விதமாக இருக்கும். வீட்டில் எப்படிக் கூப்பிட்டாலும் சரி, ரிக்கெட்டுக்குப் பாஸ்போட்தான் சட்டம். பெயரோடு காலாவதித் திகதியையும் பார்த்துவிட வேண்டும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இல்லாவிட்டால் கவுண்டரிலேயே திருப்பிவிடுவார்கள். 2024இல் வெற்றுப் பாஸ்போட் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து சனம் வரிசையில் நின்றது நினைவிருக்கும். அதற்குப் பிறகு, டார்கெட் அறிவிக்கிற கூட்டத்திலேயே “முதலில் பாஸ்போட்டை எடுத்துப் பாருங்கள்” என்று சொல்லச் சொல்லிக் கம்பனிகளை நச்சரிக்கிறேன். வவுனியாவிலேயே குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்தியக் கந்தோர் இருக்கிறது, கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு அறைப்பட்டியல், இதில்தான் மூளை காயும். 37 பேர் என்று வையுங்கள், 24 ஆண், 13 பெண். ஆண்களுக்கு 12 அறை, பெண்களுக்கு ஆறு அறை, ஒரு பெண் மிச்சம். தனி அறை என்றால் மேலதிகக் காசு, மூன்றாவது கட்டில் போட்டால் மூன்று பேரும் முகம் சுளிப்பார்கள். நான் தனி அறைக்குத்தான் வாதாடுவேன், அந்த ஒரு அறைக் காசை மிச்சம்பிடித்து எந்தக் கம்பனியும் பணக்காரனாகவில்லை. கடனுக்குச் சாமான் கொடுத்த மொத்த வியாபாரியையும் அதை இன்னும் கட்டாத சில்லறைக் கடைக்காரரையும் ஒரே அறையில் போட்டால் நாலு இரவும் என்ன கதை நடக்கும் என்று யோசியுங்கள். இதையெல்லாம் எந்த மென்பொருளும் சொல்லாது, அந்தப் பகுதி விற்பனைப் பிரதிநிதிக்கு ஃபோன் போட்டுத்தான் அறிய வேண்டும்.

நாலு மணிக்கு மேல் கம்பனியிலிருந்து, “இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கலாமா, அதே விலைக்கு?” என்று ஒரு அழைப்பு வரும். அதோடு நான் வீட்டுக்குப் போகிற நேரம் மாறிவிடும்.

கேள்வி: நான் ஒரு கட்டடப் பொருள் கம்பனியின் பிராந்திய முகாமையாளர். பெப்ரவரியில் டீலர்களைத் தாய்லாந்து கூட்டிப்போகத் திட்டம், ஆனால் வன்னி டீலர்கள் பாதிப் பேர் வரவில்லை என்கிறார்கள். இலவசமாகக் கூட்டிப்போனாலும் ஏன் இப்படி? (வாசகர், வவுனியா)

ஐயா, தவறாக நினைக்காதீர்கள், உங்கள் தலைமைக் கந்தோர் கலண்டரில் பெப்ரவரி சும்மா ஒரு மாதம், வன்னிக் கடைக்காரருக்கு அது காலபோக அறுவடை. ஒக்டோபர், நவம்பரில் விதைத்த சனத்துக்குச் சீமெந்து, பைப், பெயின்ட் எல்லாம் கொப்பியில் எழுதிக் கடனுக்குக் கொடுத்திருப்பார். நெல் விற்றுக் காசு கைக்கு வருகிற அந்தச் சில கிழமைகளில் கடையில் ஆள் இல்லாவிட்டால், அந்தக் காசு பக்கத்துக் கடைக்கோ லீசிங்காரனுக்கோ போய்விடும். அவர் வரமாட்டேன் என்பது உங்கள் பரிசை மதிக்காமல் அல்ல, வருஷ வரவு அந்த நாட்களில்தான் இருக்கிறது.

ஏப்ரல் புதுவருஷம் முடிந்து வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னால் ஒரு இடைவெளி உண்டு, அதைப் பிடியுங்கள். முல்லைத்தீவுப் பக்கத்துச் சனம் கண்ணகி அம்மன் பொங்கலை விட்டுவிட்டு பட்டாயாவுக்கு வரும் என்று கனவிலும் நினைக்காதீர்கள். ஓகஸ்டைத் தொடாதீர்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு விரதம் இருப்பவர்கள் ஒரு பக்கம், 15ஆம் திகதி மடு மாதா திருவிழா இன்னொரு பக்கம், சிறுபோக அறுவடை வேறு. மே மாதமென்றால் புக்கெட், கிராபி வேண்டாம், அந்தப் பக்கத்துக் கடல் அப்போது கொந்தளிக்கத் தொடங்கிவிடும். பாங்கொக் பக்கமோ சிங்கப்பூரோ பாருங்கள்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் மரக்கறிக் கறி என்று வருவதிலும் மீன் சோஸ் விட்டிருப்பார்கள். சைவக்காரருக்கு அங்குள்ள முழுச் சைவ உணவான ‘ஜே’ வேண்டும் என்று ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும், மன்னாரிலிருந்து வருகிற முஸ்லிம் டீலர்களுக்கு ஹலால் உணவகத்தையும் அப்படியே. அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால், டார்கெட்டை இரண்டு மடங்கு அடித்த மனுஷன் கடைசி இரவு விருந்தில் வெறும் சோறும் வெள்ளரிக்காயும் சாப்பிடுவார்.

கேள்வி: இந்தப் பயணத்துக்குச் செலவழிக்கிற காசைக் கையில் தந்தால் என்ன? மைக்ரோ கடன் கட்டவாவது உதவும். (காப்புறுதி முகவர், மாங்குளம்)

இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்தது. கம்பனிகள் சொல்கிற நியாயம் பழையது. 1906இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில், காசுப் பதிவு இயந்திரம் செய்த நஷனல் காஷ் ரெஜிஸ்டர் கம்பனி, நன்றாக விற்ற 70 பேருக்கு சட்டையில் குத்துகிற வைரம் பதித்த பின்னும் கொடுத்துத் தலைமைக் கந்தோருக்குப் பயணமும் கூட்டிப்போனது. இந்தத் தொழிலின் தொடக்கமாக எல்லோரும் சொல்வது அதைத்தான். காசு கொடுத்தால் அது மாதச் செலவோடு கரைந்துவிடும், அடுத்த வருஷம் அதைச் சம்பளத்தின் பகுதியாகவே எதிர்பார்ப்பார்கள், பயணம் என்றால் ஊரெல்லாம் கதைக்கும், போகாதவனுக்கும் ஆசை வரும் என்பது கணக்கு. பொய்யில்லை.

ஆனால் நான் பயணம் விற்கிற ஆள் என்றாலும் சொல்கிறேன், கொமிஷனைக் குறைத்துவிட்டு அதற்குப் பதிலாகப் பயணம் காட்டுகிற கம்பனியோடு எனக்கு உடன்பாடில்லை. கொமிஷன் முழுதாக வந்த பிறகு, அதற்கு மேலேதான் பயணம். கடனில் இருக்கிற ஒருவருக்கு, கட்டவேண்டிய தவணை நாளில் சிங்கப்பூரின் இராட்சதச் சக்கரத்தில் ஏறி நிற்பது சந்தோஷம் தராது. பயணமா, அதன் பெறுமதியில் ஒரு பகுதி காசா என்று தெரிவு கொடுக்கிற கம்பனிகளும் உண்டு. உங்கள் கம்பனியின் நிபந்தனைத் தாளில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் டார்கெட் தொடங்குகிற நேரத்தில் நாலு முகவர்கள் சேர்ந்து கேளுங்கள். பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது கேட்டால் நடக்காது, அதற்குள் ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் காசு போயிருக்கும்.

கேள்வி: எனக்கு ஒரு கால் செயற்கைக் கால், முதுகில் ஷெல் துண்டும் இருக்கு. டார்கெட் அடிச்சிட்டன், ஆனால் எயார்போட்டில் பிரச்சினை வருமோ என்று பயத்தில் பெயர் கொடுக்கவில்லை. (வாசகர், புதுக்குடியிருப்பு)

பெயரைக் கொடுங்கள் அண்ணை, இன்றைக்கே. உங்களைப் போல எத்தனையோ பேர் போய் வருகிறார்கள். சின்னத் துண்டுகள் பல நேரம் அந்த வாசல் இயந்திரத்தில் சத்தமே போடாது. போட்டால் ஓரமாகக் கூட்டிப்போய்க் கைக்கருவியால் தடவிப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் ஒரு சிறு கடிதம் எடுத்து வையுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதன் படமும் ஃபோனில் இருக்கட்டும். கடிதம் இருந்தாலும் சோதிப்பார்கள், ஆனால் விளக்கம் சொல்லி மல்லுக்கட்டத் தேவையிருக்காது. செயற்கைக் காலைச் சோதிக்கத் தனி அறை கேட்கலாம், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. நடக்கிற தூரம் அதிகம் என்றால் சக்கர நாற்காலி உதவியை விமானத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன்னராவது கேட்டு வைக்க வேண்டும், அது எங்கள் வேலை, காசும் இல்லை. இறங்குகிற இடத்தில் ஹோட்டல் அறை லிப்டுக்குப் பக்கத்தில் வேண்டும், குளியலறையில் பிடிகம்பி வேண்டும் என்றும் சொல்லுங்கள். வான் வண்டியில் ஏறுகிற படியின் உயரம் வரைக்கும் கேட்டு எழுதி வைப்பேன்.

ஒழுங்குசெய்கிற மற்ற ஆக்களுக்கும் ஒரு சொல். இந்த விவரங்களை வட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் முன்னால் கேட்காதீர்கள். வன்னியில் இது அபூர்வமான கேள்வி இல்லை, பட்டியலில் ஒருவராவது இருப்பார். ஒவ்வொருவருக்கும் தனியாக ஃபோன் எடுத்து, சாப்பாடு, மருந்து கேட்கிற அதே மூச்சில் இதையும் கேளுங்கள்.

கேள்வி: முல்லைத்தீவில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன், 12 பேர் வேலை செய்கிறார்கள். வெளிநாடு கட்டுப்படியாகாது. பாசிக்குடாவில் இரண்டு நாள் நல்லதா? (வாசகர், முல்லைத்தீவு)

கடல் பார்க்கக் கடற்கரை ஊர்ச் சனத்தையா கூட்டிப்போகப் போகிறீர்கள்? நுவரெலியா பாருங்கள். ஏப்ரலில் மட்டும் வேண்டாம், அது அங்கே சீசன், அறை விலை ஏறிக் கூட்டமும் நெரியும். குளிர் உடுப்பு எல்லோரிடமும் இருக்காது, ஆளுக்கொரு சுவெட்டர் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் அதுவே ஒரு பரிசு. வான் வண்டியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளையையாவது சேர்த்துக்கொள்ள இடம் விடுங்கள். பிள்ளையை வீட்டில் விட்டு வருகிற பெண்கள் இரண்டாம் நாள் பின்னேரமே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

கேள்வி: வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கிறேன். இந்த வேலைக்கு என்ன தெரிய வேண்டும்? (மாணவி)

எக்செல் கைவர வேண்டும், ஆங்கிலத்தில் குழப்பமில்லாமல் ஒரு மெயில் எழுதத் தெரிய வேண்டும், சிங்களத்தில் ஃபோனில் கதைக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரவு எட்டு மணிக்குக் கிளிநொச்சியில் வெளிக்கிட்டு, அநுராதபுரம், புத்தளம் வழியே விடிய முன்னர் கட்டுநாயக்கவில் நிற்கவேண்டிய பஸ் நடு வழியில் நின்றால், அந்த நேரத்தில் மாற்றுப் பஸ் தேடுவது தமிழில் நடக்காது. ஒப்பந்தம் வாசிக்கவும் பழகுங்கள். பிடித்த அறைகளில் எத்தனையை எந்தத் திகதி வரை காசில்லாமல் விடலாம் என்று ஹோட்டல் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், முதலில் தேடிக் கோடு போடவேண்டியது அதற்குத்தான்.

கேள்வி: எல்லோரும் திரும்பி வந்த பிறகு உங்களுக்கு ஓய்வா? (வாசகி, மல்லாவி)

எங்கே! ஹோட்டலிலிருந்து கடைசி பில் வரும், அதில் அறைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து யாரோ எடுத்த சோடாவும் கச்சானும் இருக்கும், அந்த அறையில் இருந்த இருவருமே தாங்கள் தொடவில்லை என்பார்கள். வராமல் விட்டவர்களின் ரிக்கெட் வரியைத் திருப்பி எடுக்க விமானக் கம்பனிக்கு எழுத வேண்டும். ஆட்களிடம் இரண்டு மூன்று கேள்விதான் கேட்பேன், சாப்பாடு எப்படி, எந்த நாள் ஓட்டம் கூடிப்போனது, யாரோடு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் “வீட்டுக்காரியைக் கூட்டிவந்திருக்கலாம்” என்றுதான் பதில் வரும், அதை அப்படியே கம்பனிக்கு அனுப்பிவிடுவேன், அடுத்த வருஷக் கொட்டேஷனில் இரண்டு பேருக்கான விலையையும் சேர்த்து.