ஷெட்டில் நின்ற வண்டி

கே: ஒன்றரை வருஷமாக வீட்டில் நிற்கும் ஆட்டோமேட்டிக் வண்டி. லீவர் 'பி'யை விட்டு நகர மறுக்கிறது. (வாசகர், கம்பம்)

பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் பேட்டரியும் பிரேக் சுவிட்சும்தான் முதலில். கியர் பாக்ஸைத் தொட விடாதீர்கள்.

கே: கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தோட்டத்து ஷெட்டில் இரண்டு வருஷம் நின்ற 4x4 பிக்கப், ஆட்டோமேட்டிக். பாலக்காட்டு டீலரிடம் வாங்கினேன். 'கியர் பாக்ஸ் வேலை முடிந்தது' என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். 'டி'யில் போட்டால் இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை. மெக்கானிக் 1.80 லட்சம் கேட்கிறார். (வாசகர், பொள்ளாச்சி)

உங்கள் மேல் தப்பில்லை, எழுதி வாங்கியிருக்கிறீர்கள். மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்தாரா? போடாமலே விலை சொல்லியிருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். நாள்கணக்கில் நின்ற வண்டியில் டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் எண்ணெய் கீழே இறங்கிவிடும், சீல் காய்ந்து கசியும். அதனால் முதலில் கியர் பாக்ஸ் எண்ணெய் அளவு. சிவப்பாக இருந்தால் சரி. கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டு போயிருக்கும். ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ரிவர்ஸாவது எடுக்கிறதா? அதுவும் இல்லையென்றால் எண்ணெய் அல்லது பம்ப். அதற்கும் முன்னால் 4x4 டிரான்ஸ்பர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நியூட்ரலில் மாட்டிக் கிடக்கிறதா பாருங்கள், அப்படிக் கிடந்தாலும் வண்டி அசையாது. இன்ஜின் திணறி, வண்டி முக்கிக்கொண்டு நின்றால் கியர் பாக்ஸ் பாவம், பின் டிரம்மில் பிரேக் ஷூ துருப்பிடித்து ஒட்டியிருக்கும். தோட்டத்து ஷெட் என்றால் எலி கடித்த ஒயரையும் தேடுங்கள்.

இத்தனையும் பார்த்து, கியர் பாக்ஸ்தான் போயிருக்கிறது என்று ஆனால் அதை மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கோவை நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பாலக்காட்டுக்கு அலைய வேண்டாம். இரண்டு வருஷத்துக்குள். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்குத் தேங்காய் ஏற்ற வாங்கினீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள், வியாபாரத்துக்கு வாங்கியது என்று தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன்.

கே: எட்டு வருஷ வண்டி, 9,000 கி.மீ. மட்டும். புதுசு மாதிரி இருக்கிறது. போட்டோ பார்த்து 50,000 டோக்கன் கொடுத்துவிட்டேன். சரியா? (வாசகர், செங்கோட்டை)

கொடுத்துவிட்டு ஏன் கேட்கிறீர்கள்? இந்த 'ஓடாத வண்டி' மோகம் எனக்கு எரிச்சலைத் தரும் விஷயம். ஓடாத வண்டி ஊறுகாய் ஜாடி இல்லை, வைக்க வைக்க நன்றாக ஆவதற்கு. டயர் கெட்டிப்படும், பிரேக் எண்ணெய் ஈரம் இழுக்கும், டேங்கில் துரு. ஓடி, பில்லோடு சர்வீஸ் ஆன 80,000 கி.மீ. வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இதைக் கற்றுக்கொள்ளக் காசு கொடுத்திருக்கிறேன்: 2018 கேரள வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் ஆலுவா பக்கமிருந்து வந்த கார், 14,000 கி.மீ. என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினேன். மூன்று மாதம் கழித்து ஒருநாள் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தேன், கடைசி ஒரு சாணில் காய்ந்த சேறு. நீங்கள் நாளைக்கே போய் இழுத்துப் பாருங்கள், தம்பி.

கே: நின்றுபோன ஆட்டோமேட்டிக்கை டிராக்டரில் கட்டி இழுத்து வரலாமா? (வாசகர், கூடலூர்)

கூடாது. இன்ஜின் ஓடாமல் பம்ப் ஓடாது, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே எண்ணெய் இல்லாமல் உரசும். மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரியைக் கூப்பிடுங்கள்.